நண்பகல் பேய்: பதற்றத்தைப் பத்தி 1,600 வருஷத்துக்கு முன்னாடி எழுதிய ஒரு லாக் ஃபைல்

(எபிசோட் ஆடியோவிலிருந்து தொகுத்த எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

இந்த வாரம் எடுத்திருக்கிற கேள்வி நிறைய பேர் வேற வேற வார்த்தையில் கேட்ட ஒண்ணு. சுருக்கமா இப்படி: "ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வந்துடுது. நெஞ்சு படபடன்னு அடிக்குது. வேலை போயிடுமோ, அப்பாவுக்கு ஏதாவது ஆயிடுமோ, இ.எம்.ஐ. என்ன ஆகும்னு ஓடிக்கிட்டே இருக்கு. சர்ச்சில் சொன்னா, கவலைப்படக் கூடாதுன்னு வேதத்திலேயே இருக்கு, உனக்கு விசுவாசம் பத்தலைன்னு சொல்றாங்க. ஜெபம் பண்ணியும் நிக்கல. அப்போ எனக்கு விசுவாசம் இல்லையா?"

நான் பாஸ்டர் இல்ல, சைக்காலஜிஸ்ட்டும் இல்ல. பகல்ல கோட் எழுதுவேன், ராத்திரி வரலாறு படிப்பேன். அதனால இந்தக் கேள்வியை வரலாற்றுப் பக்கமிருந்து பார்க்கலாம். கிறிஸ்தவ மரபு பதற்றத்தை எப்பவுமே "விசுவாசக் குறைவு"ன்னுதான் பார்த்துதா? இல்ல. நாலாம் நூற்றாண்டுல, எகிப்துப் பாலைவனத்துல, ஒருத்தர் தன் மண்டைக்குள்ள என்ன ஓடுதுன்னு உட்கார்ந்து வருஷக்கணக்கா கவனிச்சு எழுதி வெச்சிருக்கார். இன்னிக்கு எபிசோட் அவரைப் பத்தி. பேர் எவாக்ரியஸ்.

முதல்ல, பவுல் என்ன சொன்னார்?

எகிப்துக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு சின்ன நிறுத்தம். "கவலைப்படாதே"ன்னு சொல்றவங்க வழக்கமா காட்டுற இடம், பிலிப்பியருக்குப் பவுல் எழுதிய கடிதத்தின் 4-ம் அதிகாரம். அங்கே வர்ற கிரேக்கச் சொல்லின் வேர் 'மெரிம்னா'. கவலை, அக்கறை ரெண்டுக்குமே அந்த ஒரே சொல்தான்.

இதே பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் கடிதத்துல, 11-ம் அதிகாரத்துல, தான் பட்ட அடி, கப்பல் சேதம், பசின்னு ஒரு பெரிய பட்டியல் போடுறார். அதோட கடைசியில், இதுக்கெல்லாம் மேல சபைகளைப் பத்தின கவலை தினமும் தன்னை அழுத்துதுன்னு சேர்க்கிறார். அங்கே அவர் பயன்படுத்துற சொல்லும் 'மெரிம்னா'தான். பிலிப்பியர் கடிதத்துலயே 2-ம் அதிகாரத்துல, தீமோத்தேயு உங்களைப் பத்தி உண்மையா அக்கறைப்படுவான்னு புகழ்றப்பவும் அதே வேர்ச்சொல். ஆக, கவலைப்படாதீங்கன்னு எழுதின மனுஷனுக்கே கவலை இருந்திருக்கு. அதை அவர் மறைக்கவும் இல்ல.

இன்னொண்ணு. பிலிப்பியர் கடிதம் சிறையிலிருந்து எழுதப்பட்டது. கவலையை விடுங்கன்னு சொல்லிட்டு அவர் அங்கேயே நிறுத்தல. என்ன வேணுமோ அதை நன்றியோட கடவுள்கிட்ட சொல்லுங்கன்னு ஒரு வேலை கொடுக்கிறார். ரெண்டு வசனம் தள்ளி, எதையெல்லாம் மனசுல வெச்சு யோசிக்கணும்னு ஒரு பட்டியலும் கொடுக்கிறார். அதாவது கவனத்தை எங்கே வைக்கணும்னு சொல்லித் தர்றார். "யோசிக்காதே"ன்னு சொல்றதுக்கும் இதுக்கும் நிறைய தூரம் இருக்கு.

கெத்செமனே தோட்டத்தை மறந்துடக் கூடாது. கைது ஆன அதே ராத்திரி, அதுக்கு முன்னாடி இயேசு கலங்கி, துயரப்பட்டு, கூட இருந்த நண்பர்களை முழிச்சிருக்கச் சொல்லிக் கேட்டதா மாற்கு 14-ல் இருக்கு. அவருக்கு விசுவாசம் பத்தலைன்னு எந்தச் சர்ச்சும் சொல்லாது.

தலைநகரத்துல ஒரு ஸ்டார் பேச்சாளர்

இப்போ எவாக்ரியஸ். பிறந்தது ஏறக்குறைய கி.பி. 345. ஊர், கருங்கடல் பக்கம் பொந்து பிரதேசத்துல இபோரா. இன்னிக்கு வடக்கு துருக்கி. அப்பா கிராமப்புறத் திருச்சபைகளைக் கவனிச்ச ஒரு ஆயர். பையன் படிப்புல கெட்டி. அந்தக் காலத்து மிகப் பெரிய இறையியல் அறிஞர்கள் ரெண்டு பேர்கிட்ட பயிற்சி: பசிலியார் இவருக்கு வாசகர் பொறுப்பு கொடுத்தார், நசியான்சு கிரகோரியார் டீக்கனாக்கினார்.

380 வாக்குல கான்ஸ்டான்டிநோபிள் போறார். பேரரசின் தலைநகர். 381-ல் அங்கே ஒரு பெரிய பொதுச்சங்கம் கூடுது. கிரகோரியார் பதவியை விட்டுக் கிளம்பின பிறகும் எவாக்ரியஸ் அங்கேயே, புது பிஷப்போட தங்கிடுறார். விவாதத்துல இவரை யாரும் மடக்க முடியாதுன்னு பேர். இன்றைய பாஷையில் சொன்னா, முப்பத்தைந்து வயசுல பெரிய நகரத்துல, சரியான ஆட்களோட, வேகமா மேல போயிட்டிருந்த ஒருத்தர்.

அப்புறம் நடந்ததை அவரோட சீடர் பல்லாடியஸ் எழுதி வெச்சிருக்கார். எவாக்ரியஸுக்கு ஒரு உயர் அதிகாரியின் மனைவி மேல காதல். அந்தப் பெண்ணும் இவரை விரும்புறாங்க. இது வெளியே வந்தா இவர் பேர், இவர் சார்ந்த அணியோட பேர், எல்லாம் போயிடும். வெளியே வரவும் முடியல, விடவும் முடியல. அந்தச் சமயத்துல ஒரு கனவு. படைவீரர்கள் தன்னைக் கைது பண்ணி, சங்கிலி போட்டு இழுத்துட்டுப் போற மாதிரி. எதுக்காகன்னு யாரும் சொல்லல, ஆனா எதுக்காகன்னு அவருக்கே தெரியும். கனவுலயே, ஊரை விட்டுப் போயிடுறேன்னு நற்செய்திப் புத்தகத்து மேல சத்தியம் பண்றார். முழிச்சதும், கனவுல பண்ணாலும் சத்தியம் சத்தியம்தான்னு துணிமணியை எடுத்துக்கிட்டு எருசலேமுக்குக் கப்பல் ஏறிட்டார்.

எருசலேமில் அவருக்கு இடம் கொடுத்தவர் மெலானியா. பெரிய ரோமானியக் குடும்பத்துப் பெண், கணவரை இழந்தவர், ஒலிவ மலையில ஒரு மடம் நடத்திட்டிருந்தார். அங்கே வந்தும் எவாக்ரியஸ் மாறல. திரும்ப நல்ல நல்ல துணியா மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டு, என்ன பண்றதுன்னு தெரியாம ஊசலாடிட்டிருந்தார். அப்போ காய்ச்சல் வந்து படுத்தவர், ஆறு மாசம் எழுந்திருக்கல. வைத்தியர்களுக்கு என்ன நோய்னு கண்டுபிடிக்க முடியல.

மெலானியாதான் அதைப் புரிஞ்சுக்கிறார். உன் நோய் எனக்குச் சாதாரணமா படல தம்பி, மனசுல இருக்கிறதைச் சொல்லுங்கிற மாதிரி கேட்கிறார். எவாக்ரியஸ் நடந்தது எல்லாத்தையும் சொல்றார். துறவியாகறேன்னு வாக்குக் கொடு, நான் உனக்காக ஜெபிக்கிறேன்னு மெலானியா சொல்றார். சில நாள்ல எழுந்துட்டார்ன்னு பல்லாடியஸ் சொல்றார்.

இதை நான் "அற்புத சுகம்"னு விளம்பரம் பண்ண வரல. காய்ச்சலுக்கு மருத்துவக் காரணம் என்னவா இருந்திருக்கும்னு இப்போ யாராலயும் சொல்ல முடியாது. கதையில் எனக்கு முக்கியமாப் படுறது ஒரே விஷயம். மெலானியா அவரைத் திட்டல. முதல்ல கேட்டாங்க. அவர் வாய்விட்டுச் சொன்னார். பிற்காலத்துல அவர் எழுதின எல்லாத்துக்கும் அடியில இந்த அனுபவம் இருக்குன்னு நினைக்கிறேன்.

காலை பத்து மணியிலிருந்து மதியம் ரெண்டு மணி வரை

383 வாக்குல எவாக்ரியஸ் எகிப்துக்குப் போறார். நைல் டெல்டாவுக்கு மேற்கே நித்ரியாவில் ரெண்டு வருஷம். அப்புறம் இன்னும் உள்ளே, கெல்லியாங்கிற இடத்துல பதினாலு வருஷம். கெல்லியான்னா 'சிற்றறைகள்'னு அர்த்தம். ஒருத்தர் அறையிலிருந்து இன்னொருத்தர் குரல் கேட்காத அளவுக்குத் தள்ளித் தள்ளி இருக்கும். சனி, ஞாயிறு மட்டும் எல்லாரும் சர்ச்சில் கூடுவாங்க. மத்த அஞ்சு நாளும் நீங்க, உங்க அறை, உங்க மண்டை. அவ்வளவுதான்.

பிழைப்புக்குப் புத்தகங்களைக் கையால நகல் எடுத்துக் கொடுத்தார். சாப்பாட்டுக்குத் தேவையான காசு வரைக்கும்தான் எழுதுவாராம். மிச்ச நேரமெல்லாம் ஜெபமும், மனசைக் கவனிக்கிறதும். அப்படிக் கவனிச்சதைத்தான் 'பிராக்டிகோஸ்'ங்கிற நூலில் நூறு சின்னச் சின்னப் பத்திகளா எழுதினார்.

அதுல ரொம்பப் பிரபலமானது 12-வது பத்தி. 'அகெடியா'ங்கிற நிலையைப் பத்தினது. தமிழ்ல ஒரே வார்த்தையில் சொல்ல முடியல. சலிப்பு, அமைதியின்மை, எங்கேயாவது ஓடிடலாம்ங்கிற தவிப்பு, எல்லாம் சேர்ந்த ஒண்ணு. இதை நண்பகல் பேய்னு சொல்றார். கிரேக்க மொழிபெயர்ப்புல 91-ம் சங்கீதத்துல வர்ற பேர் அது. அவர் தர்ற விவரங்களை என் வார்த்தையில் சொல்றேன், கேளுங்க.

இது நாலாம் மணியிலிருந்து எட்டாம் மணி வரை தாக்கும். நம்ம கணக்குல காலை பத்திலிருந்து மதியம் ரெண்டு. சூரியன் நகரவே நகராத மாதிரி இருக்கும். ஒரு பகலுக்கு அம்பது மணி நேரம் இருக்கிற மாதிரி தோணும். சும்மா சும்மா ஜன்னலைப் பார்க்க வைக்கும். அறைக்கு வெளியே வந்து, சாப்பாட்டு நேரத்துக்கு இன்னும் எவ்வளவு இருக்குன்னு சூரியனைப் பார்க்க வைக்கும். யாராவது வர்றாங்களான்னு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்க்க வைக்கும். அப்புறம் இந்த இடம் பிடிக்காது, இந்த வாழ்க்கை பிடிக்காது, இந்த வேலை பிடிக்காது. இங்கே யாருக்கும் அன்பே இல்ல, ஆறுதல் சொல்ல ஒரு ஆள் இல்லன்னு தோணும். சமீபத்துல யாராவது மனசை நோகடிச்சிருந்தா, அதையும் சேர்த்துக் கிளறும். வேற ஊருக்குப் போனா ஈஸியா பிழைக்கலாமேன்னு ஆசை காட்டும். வீட்டு ஞாபகம் வரும். இன்னும் எத்தனை வருஷம் இப்படியேன்னு முன்னால இருக்கிற வாழ்க்கையை நீட்டி நீட்டிக் காட்டும்.

ஜன்னலுக்குப் பதிலா போன் ஸ்க்ரீன், சூரியனுக்குப் பதிலா ஸ்லாக்கில் பச்சைப் புள்ளி, வேற ஊருக்குப் பதிலா லிங்க்டின். மத்தபடி ஒரு வார்த்தையும் மாத்த வேண்டாம்.

"பண ஆசை"க்குள்ள ஒளிஞ்சிருக்கிற பயம்

எவாக்ரியஸ் மனசைத் தொந்தரவு பண்ற எண்ணங்களை எட்டு வகையாப் பிரிச்சார். பெருந்தீனி, காமம், பண ஆசை, துக்கம், கோபம், அகெடியா, வெற்றுப் புகழ், அகந்தை. 'எண்ணங்கள்'னு நான் சொல்றதுக்கு அவர் சொல் 'லோகிஸ்மோய்'. இதை எட்டுப் பாவம்னு அவர் சொல்லல, எட்டு எண்ணம்னுதான் சொன்னார். இந்த வித்தியாசத்துக்கு அப்புறம் வர்றேன்.

பட்டியலைப் பார்த்தா, "பதற்றம் எங்கேங்க?"ன்னு கேட்கத் தோணும். நான் தேடினது அகெடியாவிலும் துக்கத்திலும். கொஞ்சம் அங்கேயும் இருக்கு. ஆனா அச்சு அசலா இருக்கிறது நாம எதிர்பார்க்காத இடத்துல: பண ஆசையில்.

பண ஆசைன்னா நமக்குத் தங்கம், பங்களா, ஆடி கார். 'பிராக்டிகோஸ்' 9-வது பத்தியில் இருக்கிறது வேற. நீண்ட முதுமை. வேலை செய்ய முடியாமப் போற கைகள். வரப் போற பஞ்சம். வரப் போற நோய். வறுமையின் கசப்பு. அடுத்தவங்ககிட்டக் கை நீட்டி வாங்கற அவமானம். இதையெல்லாம் அந்த எண்ணம் மனசுக்குள்ள படமா ஓட்டிக் காட்டும்கிறார்.

இதுல பேராசை எங்கே இருக்கு? இது முழுக்க எதிர்காலத்தைப் பத்தின பயம். ஒவ்வொண்ணும் நடக்கக்கூடியதுதான், ஆனா எதுவும் இன்னும் நடக்கல. ராத்திரி ரெண்டு மணி லிஸ்ட்டோட இதைப் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. வேலை போகும், உடம்பு போகும், காசு போகும், கடைசியில மானம் போகும். வரிசை கூட மாறல. பணத்தை இறுக்கிப் பிடிக்கிற கைக்குப் பின்னாடி பயந்து போன ஒரு மனசு இருக்குன்னு 1,600 வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தர் பார்த்திருக்கார்.

வர்றது உன் கையில் இல்ல, தங்குறது உன் கையில்

இப்போ நம்ம கேள்விக்கு நேரா வர்ற இடம். எட்டு எண்ணங்களையும் பட்டியல் போட்ட உடனேயே, 6-வது பத்தியில், எவாக்ரியஸ் ஒரு கோடு போடுறார். இந்த எண்ணங்கள் நம்மைத் தொந்தரவு பண்ணுமா பண்ணாதாங்கிறது நம்ம கையில் இல்ல. அது நமக்குள்ள தங்குமா, உணர்ச்சியைக் கிளப்புமாங்கிறதுதான் நம்ம கையில்.

இதன்படி, ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு பயம் வந்து கதவைத் தட்டினா, அது உங்க விசுவாசத்துக்கு மார்க் போடற பரீட்சை இல்ல. பாலைவனத்துல முழு நேரமும் ஜெபிச்சுக்கிட்டிருந்தவங்களுக்கும் வந்தது. வரும்னு எதிர்பார்த்துத்தான் அவங்க உட்கார்ந்தாங்க.

இந்த யோசனை ஆகாயத்திலிருந்து குதிச்சதும் இல்ல. ஸ்டோயிக் தத்துவவாதிகள் ஏற்கெனவே, உணர்ச்சி முழுசா உருவாகறதுக்கு முன்னாடி தானா வர்ற 'முதல் அசைவு'ன்னு ஒண்ணு உண்டு, அதுக்கு மனுஷன் பொறுப்பில்லன்னு சொல்லியிருந்தாங்க. அந்த முதல் அசைவு எப்படி எவாக்ரியஸின் 'எண்ணங்கள்' ஆச்சுன்னு வரலாற்று அறிஞர் ரிச்சர்ட் சொராப்ஜி விரிவா எழுதியிருக்கார்.

சரி, வந்துடுச்சு. என்ன பண்றது? எவாக்ரியஸ் மூணு வேலை சொல்றார்.

ஒண்ணு, கவனி. 50-வது பத்தியில், எண்ணம் எப்போ வருது, எப்போ தீவிரமாகுது, எப்போ தணியுது, எதுக்குப் பின்னாடி எது வருதுன்னு பார்த்து வெச்சுக்கோன்னு சொல்றார். அதுக்கான விளக்கத்தைக் கிறிஸ்துகிட்டக் கேளுங்கிறார். புரொடக்‌ஷன்ல ஒரு பிரச்சினைன்னா நாம முதல்ல என்ன பண்ணுவோம்? கோடை மாத்த மாட்டோம், லாக் பார்ப்போம். டைம்ஸ்டாம்ப், வரிசை, எது எதைத் தூண்டுது. அதேதான்.

ரெண்டு, பதில் சொல்லு. இதுக்குன்னு 'ஆன்டிரெடிகோஸ்'னு தனி நூலே எழுதினார். பேருக்கு 'எதிர்த்துப் பேசுதல்'னு அர்த்தம். லூக்கியோஸ்ங்கிற ஒருத்தர் கேட்டதுக்காக எழுதினது. எட்டு எண்ணத்துக்கு எட்டுப் பாகம், மொத்தம் ஐநூறுக்குச் சற்றுக் குறைவான பதிவுகள். ஒவ்வொரு பதிவும் ஒரே அமைப்பு: முதல்ல எண்ணம் என்ன சொல்லுதுன்னு துல்லியமா ஒரு வரி, அப்புறம் அதுக்குப் பதிலா ஒரு வேத வசனம். பாலைவனத்துல சோதனை வந்தப்போ இயேசு வசனத்தால பதில் சொன்னார் இல்லையா, அதுதான் மாடல்.

இங்கே கவனிக்க வேண்டியது முதல் பாதி. பதில் சொல்லணும்னா, எண்ணத்தை முதல்ல வாக்கியமா மாத்தணும். "ஒரு மாதிரி இருக்கு"ங்கிற மூட்டத்துக்குப் பதில் சொல்ல முடியாது. "எனக்கு வயசானா யாரும் சோறு போட மாட்டாங்கன்னு இது சொல்லுது"ன்னு எழுதிட்டா, அது வேற. அப்போ அது நான் இல்ல. என்கிட்ட ஏதோ ஒண்ணு சொல்லுது, அவ்வளவுதான். எவாக்ரியஸ் அந்தப் பேசுற குரலைப் பேய்னு சொன்னார். நீங்க பேயை நம்பலாம், நம்பாம இருக்கலாம். எண்ணத்துக்கும் எனக்கும் நடுவுல ஒரு அடி இடைவெளி வந்தது அப்படித்தான்.

மூணு, உன்னையே தேற்று. அகெடியா பாடாப் படுத்தும்போது, மனசை ரெண்டாப் பிரிச்சு, ஒரு பாதி தேற்றட்டும், இன்னொரு பாதி தேறட்டும்னு 27-வது பத்தியில் சொல்றார். 42-ம் சங்கீதத்துல பாடறவர் தன் ஆத்துமாகிட்டயே ஏன் சோர்ந்து போறேன்னு கேட்பாரே, அதுதான் உதாரணம். நம்ம பக்திப் பாட்டுல "மனமே"ன்னு கூப்பிட்டுப் பேசுறது நமக்குப் பழக்கம்தான். பாருங்க, இங்கே மனசை அதட்டல. தேற்றச் சொல்றார்.

லாக் ஃபைல் எப்படி குற்றப் பத்திரிகை ஆச்சு

இவ்வளவு நல்லதா இருந்தா, நமக்கு ஏன் யாரும் இதைச் சொல்லல? அதுக்கும் ஒரு கதை இருக்கு.

எவாக்ரியஸ் 399-ல், ஐம்பத்து நாலு வயசுல இறந்தார். அடுத்த வருஷமே அலெக்சாந்திரியா பிஷப் தியோபிலஸ், ஓரிகன் என்ற பழைய அறிஞரைப் பின்பற்றுறவங்கன்னு சொல்லி, அவரோட நண்பர்கள் பலரைப் பாலைவனத்திலிருந்து விரட்டிட்டார். 553-ல் கான்ஸ்டான்டிநோபிளில் கூடின பொதுச்சங்கத்தை ஒட்டி வந்த கண்டனத்துல எவாக்ரியஸ் பேரும் சேர்ந்தது. சண்டை ஆன்மாக்களின் தொடக்கம், முடிவு பத்தின இறையியல் சண்டை. பதற்றத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. ஆனா பேர் கெட்டுப் போச்சு. கிரேக்கத்துல சில நூல்கள் காணாமப் போச்சு, சிலது நீலுஸ்னு வேற ஒரு துறவி பேர்ல சுத்திச்சு. 'ஆன்டிரெடிகோஸ்' முழுசாத் தப்பிச்சது சிரியாக், அர்மீனிய மொழிபெயர்ப்புகள்ல. சிரியாக்னா எங்கேயோ இருக்கிற மொழின்னு நினைக்க வேண்டாம், பக்கத்துல கேரளாவின் சிரியன் கிறிஸ்தவர்கள் வழிபாட்டுல இன்னிக்கும் கேட்கலாம். அந்தச் சிரியாக் வடிவம் 1912-ல்தான் அச்சுக்கு வந்தது. ஆங்கிலத்துல முழு மொழிபெயர்ப்பு 2009-ல்.

மேற்குப் பக்கம் இதைக் கொண்டு போனவர் ஜான் காசியன். எகிப்துத் துறவிகளோட வருஷக்கணக்கா இருந்துட்டு, பிரான்சில் மர்சேய் நகரத்துல குடியேறி, 420-களில் லத்தீன்ல எழுதினார். எட்டு எண்ணங்களும் அவர் நூலில் இருக்கு. எவாக்ரியஸ் பேர் மட்டும் ஒரு இடத்திலும் இல்ல.

காசியன் தர்ற ஒரு உவமை எனக்கு ரொம்பப் பிடிக்கும். மனசு தண்ணியில ஓடற மாவு மில் மாதிரி. தண்ணி வேகமா வந்துக்கிட்டே இருக்கும், கல்லு சுத்திக்கிட்டே இருக்கும். நிறுத்த முடியாது. ஆனா கோதுமை போடறதா, களை விதையைப் போடறதாங்கிறது மில்காரர் கையில். பவுல் கவலைக்கு அடுத்த வசனங்கள்ல ஏன் ஒரு பட்டியல் கொடுத்தார்னு இப்போ புரியுது இல்ல? காசியன் நாள் பூரா அரைக்க ஒரே ஒரு பிடி தானியமும் கொடுக்கிறார்: 70-ம் சங்கீதத்தின் முதல் வசனம். உதவிக்குச் சீக்கிரம் வாங்கன்னு கடவுளைக் கூப்பிடற ஒரு சின்ன ஜெபம். பயத்திலும் அதையே சொல்லு, சந்தோஷத்திலும் அதையே சொல்லு.

அப்புறம் ஆறாம் நூற்றாண்டின் கடைசியில் போப் முதலாம் கிரகோரி. பட்டியலைத் திருத்தி எழுதினார். அகந்தையை எல்லாத்துக்கும் வேர்னு தனியா வெச்சார், அகெடியா துக்கத்துக்குள்ள கரைஞ்சது, ஏழு ஆச்சு. போகப் போக அது நமக்குத் தெரிஞ்ச 'ஏழு தலையான பாவங்கள்'. அகெடியாங்கிற அந்தத் தவிப்பு பின்னாடி வெறும் 'சோம்பல்' ஆயிடுச்சு.

என்ன நடந்திருக்குன்னு பாருங்க. "இந்த எண்ணம் வரும், கவனி, பதில் சொல்லு"ன்னு ஒருத்தர் எழுதின லாக் ஃபைல், "நீ இதைச் செஞ்சியா?"ன்னு கேட்கிற குற்றப் பத்திரிகையா மாறிடுச்சு. வரிகள் ஏறக்குறைய அதேதான், கேட்கிற தொனி வேற. "உனக்கு விசுவாசம் பத்தலை"ங்கிற வாக்கியம் அந்த ரெண்டாவது தொனியோட தூரத்துச் சொந்தம்னு நான் நினைக்கிறேன்.

ஆயிரத்து ஐநூறு வருஷம் கழிச்சு

இந்தப் பகுதியை வேகமா முடிச்சுடறேன், இதுக்கு நிறைய எபிசோட் ஏற்கெனவே இருக்கு. 1960-களில் அமெரிக்காவில் மனநல மருத்துவர் ஆரன் பெக், நோயாளிகளுக்குள்ள தானா ஓடற ஒரு எண்ண ஓட்டம் இருக்குன்னு கவனிச்சு, அதை எழுதிப் பார்த்துப் பதில் சொல்ற சிகிச்சையை உருவாக்கினார். 1979-ல் ஜான் கபாட்-ஜின், பௌத்த தியானத்திலிருந்து எடுத்து மருத்துவமனைக்குள்ள கவனப் பயிற்சியைக் கொண்டு வந்தார். 1987-ல் டேனியல் வெக்னர், வெள்ளைக் கரடியை நினைக்காதீங்கன்னு சொன்னா பின்னாடி அதுவே அதிகமா வரும்னு சோதனையில் காட்டினார். "கவலைப்படாதே"ன்னு மட்டும் சொல்றது ஏன் வேலை செய்யலைங்கிறதுக்கு இது நல்ல விளக்கம்.

இவங்க எவாக்ரியஸைக் காப்பி அடிச்சாங்கன்னு வாட்ஸ்அப்ல ஃபார்வர்ட் பண்ணிடாதீங்க. ரெண்டுக்கும் நேரடித் தொடர்பு இல்ல. வித்தியாசமும் பெருசு. பெக் வழியில், எண்ணத்துக்கு ஆதாரம் இருக்கான்னு சோதிப்போம். எவாக்ரியஸ் வழியில், எண்ணத்துக்குப் பதிலா ஒரு வாக்கை முன்னால வைப்போம், அதுவும் ஒருத்தர் கேட்கிறார்ங்கிற நம்பிக்கையில். அவருக்குக் கவனிக்கிறது பாதி வழிதான். மீதி ஜெபம்.

எடுத்துக்கறதும், ஜாக்கிரதையும்

நம்பிக்கை இருக்கிறவங்க இந்த வாரம் பண்ணிப் பார்க்க: ஒரு நோட்டு எடுங்க. பயம் வந்த நேரம், அது சொன்ன வாக்கியம், ரெண்டையும் எழுதுங்க. பக்கத்துல ஒரு பதில், ஏற்கெனவே உங்களுக்குத் தெரிஞ்ச சங்கீதத்திலிருந்தே எடுக்கலாம். ஒரு வாரம் கழிச்சுப் படிச்சா, தினமும் புதுசா வந்த மாதிரி இருந்தது மொத்தம் மூணே மூணு வாக்கியம்தான்னு தெரிஞ்சாலும் தெரியலாம். நம்பிக்கை இல்லாதவங்களுக்கும் முதல் பாதி அப்படியே பொருந்தும்.

மூணு ஜாக்கிரதை. முதல்ல, ஒவ்வொரு எண்ணத்துக்கும் பதில் சொல்லியே ஆகணும்ங்கிறதே சிலருக்கு ஒரு கட்டாயமா மாறிடும். அதுவும் ஓ.சி.டி. இருக்கிறவங்களுக்கு. அவங்களுக்கு இந்த முறை பிரச்சினையைக் கூட்டலாம், சிகிச்சை தர்றவர்கிட்டக் கேட்டுட்டுச் செய்யுங்க.

ரெண்டாவது, உடம்பு. எவாக்ரியஸ் தன் உடம்பை ரொம்ப வருத்தினார். வருஷக்கணக்கா சமைச்ச சாப்பாடே தொடல, கடைசியில் வயிறு கெட்டுப் போய் சமைச்சதைத்தான் சாப்பிட வேண்டி வந்தது. இத்தனைக்கும், நாளைக்கே சாகப் போறவன் மாதிரி வாழு, ஆனா உடம்பை இன்னும் ரொம்ப வருஷம் கூட இருக்கப் போறதுங்கிற மாதிரி பார்த்துக்கோங்கிற பொருளில் தன் குரு சொன்னதை அவரே எழுதி வெச்சிருக்கார். குரு சொன்னதைப் பிடிச்சுக்கோங்க. தூக்கம், சாப்பாடு, தைராய்டு டெஸ்ட், இதெல்லாம் விசுவாசத்துக்கு எதிரி இல்ல.

மூணாவதுதான் எனக்கு முக்கியம். தனியா பண்ணாதீங்க. பாலைவனத்துத் துறவிகள் தங்கள் எண்ணங்களை ஒரு மூத்தவர்கிட்டப் போய்ச் சொல்றதை வழக்கமா வெச்சிருந்தாங்க. எவாக்ரியஸ் படுக்கையிலிருந்து எழுந்ததே, ஒரு அக்கா கேட்டு, இவர் வாய்விட்டுச் சொன்ன பிறகுதான். உங்ககிட்ட ஒருத்தர் "பயமா இருக்கு"ன்னு வந்தா, வசனம் சொல்றதுக்கு முன்னாடி என்ன நடந்ததுன்னு கேளுங்க. பதற்றம் வாரக்கணக்கா தூக்கத்தையும் வேலையையும் கெடுக்குதுன்னா டாக்டரைப் பாருங்க. உடனே யார்கிட்டயாவது பேசணும்னா, அரசாங்கத்தோட டெலி மானஸ் எண் 14416. தமிழ்லயும் பேசலாம்.

கேள்வி கேட்டவங்களுக்கு: விசுவாசம் இல்லாததால உங்களுக்கு அந்த எண்ணம் வருதுன்னு, இந்த விஷயத்தை முதன்முதல்ல உட்கார்ந்து ஆராய்ஞ்ச கிறிஸ்தவர்கள் சொல்லல. நடுராத்திரியில எழுந்து ஜெபம் பண்றீங்க பாருங்க, அவங்க கணக்குல அது தோல்வி இல்ல, அதுதான் வேலையே. அகெடியாவைத் தாக்குப் பிடிச்ச பிறகு, உடனே அடுத்த பேய் எதுவும் வர்றதில்ல, ஒரு அமைதி வருதுன்னு அந்த 12-வது பத்தியின் கடைசியில் எவாக்ரியஸ் எழுதியிருக்கார். பதினாறு வருஷம் பாலைவனத்துல உட்கார்ந்து பார்த்துட்டு எழுதினது.

அடுத்த எபிசோட் கோபன்ஹேகன். 1844-ல் பதற்றத்துக்குன்னே ஒரு முழுப் புத்தகம் எழுதின கீர்க்ககார்ட். அதுவரைக்கும், நல்லா தூங்குங்க மக்களே.